வினையும் அடையும்: ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை வேளை. எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகள் பத்தாம் வகுப்பில் பயில்பவள். "சாமி, இவ இனிமே பள்ளிக்கூடம் போகமாட்டேங்கிறா. தையல் கத்துக்கிறாளாம். நீங்கதான் நாலு வார்த்தை சொல்லணும்" என்றார் தாய். நன்றாகப் படிக்கிற பிள்ளை அவள். காரணம் கேட்டேன். நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்னர்த் தன் ஆங்கிலக் கட்டுரை ஏட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

'என் குடும்பம்' என்பது கட்டுரையின் தலைப்பு. அவள் தந்தை கொத்தனார். விடியுமுன் எழுந்து, தூக்குச் சட்டியுடன் முதல் பேருந்தைப் பிடித்து நகரத்துக்குச் சென்று, பகலெல்லாம் சாரத்தின்மேல் நிற்கிறவர். 'என் தந்தை கடினமாக உழைக்கிறார்' என்று எழுத எண்ணிய மகள், 'மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று எழுதியிருந்தாள். 'ஹார்ட்லி' என்றால் 'அரிதாகவே', 'இல்லை என்றே சொல்லலாம்' என்று பொருள். வகுப்பில் அவ்வரியை உரக்கப் படித்துக் காட்டிய ஆசிரியர், "உன் அப்பா வேலையே செய்வதில்லையா? பிறகு உங்களுக்குச் சோறு போடுவது யார்?" என்று கேட்டாராம். வகுப்பே சிரித்ததாம்.

"அவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சிருந்தா பரவாயில்லை சாமி. எங்க அப்பாவைப் பார்த்துல்ல சிரிச்சாங்க" என்றாள் அச்சிறுமி.

"சரி, 'லி' என்ற எழுத்துகளை ஏன் சேர்த்தாய்?" என்று கேட்டேன். அவள் தயங்காமல் விடை கூறினாள்: "அழகானன்னா பியூட்டிஃபுல், அழகாகன்னா பியூட்டிஃபுல்லி. மெதுவானன்னா ஸ்லோ, மெதுவாகன்னா ஸ்லோலி. அப்படின்னா கடினமானன்னா ஹார்ட், கடினமாகன்னா ஹார்ட்லிதானே?"

பெற்றோர்களே, அவள் காட்டிய வழியில் பிழை எங்கே இருக்கிறது? தமிழின் 'ஆன', 'ஆக' என்னும் இரண்டு ஈறுகளைக் கொண்டு ஆங்கிலச் சொல்லை அளந்து பார்த்திருக்கிறாள். நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் அந்த அளவுகோல் பொய்க்காது. பொய்க்கிற இடம் ஒன்றில் அவள் இடறினாள். இடறிய பிள்ளையைத் தூக்கிவிடுவதற்காக அன்று மாலை அவளுக்குச் சொன்னவற்றையும், அடுத்த சில நாள்களில் வேறு பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டபின் சொன்னவற்றையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் இருப்போர் அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு படிப்பது நலம்.

முதலில் நம் வீட்டுச் சொத்தைப் பார்ப்போம். தொல்காப்பியமும் நன்னூலும் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கின்றன. பெயரைத் தழுவி நிற்கும் சொல்லுக்கென்று தனியாக ஒரு வகையையோ, வினையைத் தழுவி நிற்கும் சொல்லுக்கென்று தனியாக ஒரு வகையையோ அவை வைக்கவில்லை. ஆனால் அந்த வேலையை நம் இலக்கணத்தார் கவனியாமல் விட்டுவிட்டனர் என்று எண்ணிவிடலாகாது. 'வந்த' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருக்கிறார். 'பையன்' என்று ஒரு பெயர் வந்தால்தான் சொல் முடிகிறது. ஆதலால் அது பெயரெச்சம். 'வந்து' என்று நிறுத்தினாலும் காத்திருக்கிறார்; 'போனான்' என்று ஒரு வினை வரவேண்டும். ஆதலால் அது வினையெச்சம். எஞ்சி நிற்பது எச்சம். 'நல்ல பையன்' என்பதில் 'நல்ல' குறிப்புப் பெயரெச்சம்; 'மெல்ல நடந்தான்' என்பதில் 'மெல்ல' குறிப்பு வினையெச்சம். இக்காலப் பாடநூல்கள் பெயரடை, வினையடை என்று எளிமையாகக் கூறுகின்றன. ஒரு சொல் எதை எதிர்பார்த்து நிற்கிறது என்ற கேள்வியை நம் முன்னோர் எழுப்பினார்களே, அதைவிடச் சிறந்த கருவி ஆங்கில இலக்கணத்திற்குள் நுழைவதற்கு வேறில்லை என்பது என் துணிபு.

ஆங்கிலேயர்களின் சொல்வகைப் பகுப்பும் அவர்கள் தாமாகக் கண்டதன்று. கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும், இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கும் வந்தது. கிரேக்க மொழிக்குத் தியோனிசியுஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் பழைய இலக்கணம் சொற்களை எட்டு வகையாக்கிற்று. அந்த எட்டில் பெயரடைக்குத் தனி இடம் இல்லை. பெயரின் உட்பிரிவாகவே அது அடங்கியிருந்தது. குருமடத்தில் எங்களுக்கு இலத்தீன் கற்பித்த முதியவர், 'நோமென் அட்யெக்டிவும்', அதாவது 'அண்டிச் சேர்க்கப்பட்ட பெயர்' என்ற தொடரைச் சொல்லும்போதெல்லாம் தம் மேலங்கியை ஒரு நாற்காலியின்மேல் போட்டுக் காட்டுவார். நாற்காலி பெயர், அங்கி பெயரடை. வினையடைக்கு அவர்கள் இட்ட 'அட்வெர்பியும்' என்ற பெயருக்கும் 'வினையோடு சேர்வது' என்பதே பொருள். ஆங்கிலத்தில் 1762-இல் ராபர்ட் லௌத் என்பவரும், 1795-இல் லிண்ட்லி மரே என்பவரும் எழுதிய இலக்கணங்கள் பெயரடையைத் தனிவகையாக நிறுத்திச் சொற்களை ஒன்பது வகையாகக் காட்டின. பள்ளிகளில் நீண்டகாலம் ஓதப்பட்டது இந்தப் பகுப்பே. தமிழரும் கிரேக்கரும் ஒருவரை ஒருவர் கேளாமலேயே பெயரடைக்குத் தனி நாற்காலி கொடாமல் விட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். தமிழ்ச் சொல் தன் வேலையைத் தன் வாலில் எழுதி வைத்திருக்கிறது. 'வருகிறாள்' என்ற ஒரே சொல்லில் வருதலும் தெரிகிறது, நிகழ்காலமும் தெரிகிறது, வருபவள் ஒரு பெண் என்பதும் தெரிகிறது. 'வேகமான', 'வேகமாக' என்பவற்றின் கடைசி எழுத்தைக் கேட்ட மாத்திரத்தில் அடுத்து வருவது பெயரா வினையா என்று அறிகிறோம். ஆங்கிலச் சொல்லோ பெரும்பாலும் வாலைத் தொலைத்துவிட்ட சொல். அது இன்ன வேலை செய்கிறது என்பதை அது நிற்கும் இடமே காட்டும்.

தவக்காலமாக இருந்ததால் 'ஃபாஸ்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். 'வி ஃபாஸ்ட் டுடே' என்றால் இன்று நோன்பிருக்கிறோம். அங்கே அது வினை. 'எ லாங் ஃபாஸ்ட்' என்றால் நீண்ட நோன்பு, அங்கே பெயர். 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்றால் விரைவான இரயில், பெயரடை. 'த டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்றால் இரயில் விரைவாக ஓடுகிறது, வினையடை. நான்கு வேலை, உருவம் ஒன்று. 'உறுதியான' என்ற பொருளுடைய ஒரே பழஞ்சொல்லிலிருந்து இவை யாவும் கிளைத்தன: உறுதியாகக் கடைப்பிடிப்பது நோன்பாயிற்று, உறுதியாக ஓடுவது விரைவாக ஓடுவதாயிற்று. எனவே 'ஃபாஸ்ட் என்ன சொல்?' என்று கேட்கும் ஆசிரியரிடம், 'எந்த வாக்கியத்தில், ஐயா?' என்று பணிவுடன் திருப்பிக் கேட்கப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.

இந்த 'ஃபாஸ்ட்' என்னும் வினையடை 'லி' ஈறு இன்றி நிற்கிறதே, ஏன்? இதற்கு விடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அக்காலத்தில் பெயரடையின் இறுதியில் 'எ' என்னும் சிற்றுயிரைச் சேர்த்தால் வினையடை கிடைத்துவிடும். நம் 'ஆன', 'ஆக' போலத் தெளிவான முறை. காலப்போக்கில் அந்த இறுதி உயிர் ஒலிப்பில் தேய்ந்து மறைந்தது. வால் விழுந்தபின் பெயரடையும் வினையடையும் ஓருருவாகிவிட்டன. 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' முதலிய சொற்கள் அப்படி வந்தவை. ஆகவே 'ஹார்ட்' என்பதற்குள்ளேயே 'கடினமான', 'கடினமாக' என்ற இரண்டும் அடங்கியிருக்கின்றன. 'மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்' என்றாலே போதும்.

அப்படியானால் 'லி' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்ற சொல்லுக்கு உடல், உருவம் என்று பொருள். இங்கிலாந்தின் பழைய கோவில்களின் கல்லறைத் தோட்ட வாயிலில் கூரையிட்ட நுழைவாயில் ஒன்று இருக்கும். அடக்கத்திற்குக் கொண்டுவரப்படும் உடலைக் குரு எதிர்கொள்ளும்வரை அங்கே இறக்கி வைப்பர். அதன் பெயர் 'லிச் கேட்', உடலின் வாயில். அந்த 'லிச்' தேய்ந்ததே 'லி'. 'ஃபிரெண்ட்லி' என்றால் நண்பனின் உருவுடைய, நண்பன் போன்ற. கவனியுங்கள்: இது பெயரடை! 'பிரதர்லி', 'லோன்லி', 'காஸ்ட்லி', 'லவ்லி' ஆகியனவும் பெயரடைகளே. 'லி' என்று முடிந்தாலே வினையடை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அரைப்பாடம். பெயரோடு சேர்ந்த 'லி' பெரும்பாலும் பெயரடையைத் தரும். பெயரடையோடு சேர்ந்த 'லி' பெரும்பாலும் வினையடையைத் தரும். 'டெய்லி' இரண்டுமாக நிற்கும். இயேசு கற்பித்த செபத்தின் ஆங்கில வடிவில் அது உணவுக்கு அடை. 'ஷீ கம்ஸ் டெய்லி' என்னும்போது வருதலுக்கு அடை.

இனி நம் சிறுமியின் 'ஹார்ட்லி'. இதை அறிந்தபோது அவள் முகம் மலர்ந்ததைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் 'ஹார்ட்லி' என்பதற்கு 'பெருமுயற்சியுடன்', 'கடுமையாக' என்ற பொருளே வழங்கிற்று. அவள் எழுதிய வாக்கியம் அக்கால ஆங்கிலேயனுக்குச் சரியாகவே விளங்கியிருக்கும். பின்னர் அது 'எளிதிலன்றி', 'வருந்தி' எனத் திரிந்தது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலும், கத்தோலிக்கரின் பழைய டூவே மொழிபெயர்ப்பிலும், செல்வர் விண்ணரசில் நுழைவது அரிது என்று இயேசு கூறும் மத்தேயு 19-ஆம் அதிகாரத்து இடத்தில் இந்த 'ஹார்ட்லி' நிற்கிறது. அங்கே அதன் பொருள் 'வருந்தியே' என்பதாகும். வருந்திச் செய்வது அரிதாகவே நிகழும் அல்லவா? அவ்வழியே 'அரிதாக', 'இல்லை எனும்படி' என்ற இன்றைய பொருள் பதினாறாம் நூற்றாண்டில் தலையெடுத்துப் பிற பொருள்களை ஓட்டிவிட்டது. ஆக, சொல்தான் இடம் மாறிற்று. பிள்ளை பழைய வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இவ்வாறு 'லி' சேர்ந்ததும் பொருள் விலகிப்போகும் இணைகள் இன்னும் சில உள்ளன. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மைக்காலமாக. 'ஐ கேம் லேட்லி' என்று தலைமையாசிரியரிடம் மன்னிப்புக் கேட்பது பயன் தராது. 'ஹை' என்றால் உயரத்தில், 'ஹைலி' என்றால் மிகவும். 'நியர்' என்றால் அருகில், 'நியர்லி' என்றால் ஏறக்குறைய. இந்தக் கடைசி இணையைக் கேட்டதும் ஒரு பையன், "கிட்ட, கிட்டத்தட்ட மாதிரியா?" என்றான். அதே மாதிரிதான்! இத்தனை ஆண்டுகளாக இரு மொழிகளையும் பேசிவரும் எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்து, தமிழ்ப் பிள்ளைகள் வழுக்கி விழும் பெருங்குழி ஒன்று. நாம் 'அவள் அழகாக இருக்கிறாள்', 'குழம்பு நன்றாக இருக்கிறது', 'அவர் கோபமாக இருக்கிறார்' என்கிறோம். 'இரு' என்ற வினைக்கு முன் 'ஆக' வருவதே நம் மரபு. 'ஆக' என்றால் 'லி' என்று கற்ற பிள்ளை, 'ஷீ இஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் இது பிழை. காரணம் என்ன? அழகு இருத்தலுக்கு உரியதன்று; அவளுக்கு உரியது. 'இஸ்' என்பது உழைத்தல், ஓடுதல் போன்ற செயல் எதையும் சொல்லவில்லை. இரு கரைகளை இணைக்கும் பாலமாகவே நிற்கிறது. பாலத்துக்கு அப்பால் நிற்கும் சொல் எழுவாயின் பண்பைக் கூறுவதால் அது பெயரடையாகவே இருக்கவேண்டும்: 'ஷீ இஸ் பியூட்டிஃபுல்'.

பாலமாக நிற்கும் வினைகள் வேறு சிலவும் உள்ளன: தோன்றுதலைக் குறிக்கும் 'லுக்', 'ஸீம்', உணர்தலைக் குறிக்கும் 'ஃபீல்', மணத்தலையும் சுவைத்தலையும் குறிக்கும் 'ஸ்மெல்', 'டேஸ்ட்', ஆதலைக் குறிக்கும் 'பிகம்'. மீன் குழம்பு மணக்கிறது என்றால் 'ஸ்மெல்ஸ் குட்'. ஆனால் இவ்வினைகள் சில வேளைகளில் உண்மையாகவே செயல் புரியும். 'ஹீ லுக்ட் ஆங்க்ரி' என்றால் அவர் கோபமாகக் காணப்பட்டார். 'ஹீ லுக்ட் ஆங்க்ரிலி அட் மீ' என்றால் என்னைக் கோபத்துடன் நோக்கினார். எப்படிப் பிரித்தறிவது? அவ்வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' என்பதை வைத்துப் பாருங்கள். வாக்கியம் நிலைகுலையாமல் நின்றால் அது பாலம், பெயரடையை இடுங்கள். குலைந்தால் அது செயல், வினையடையை இடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய சோதனை இது.

பாலத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொன்று. தமிழில் 'அவர் ஆசிரியர்' என்று வினையே இன்றி வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. நம் பிள்ளைகள் 'ஹீ டீச்சர்' என்று எழுதுவது சோம்பலால் அன்று. தாய்மொழி அந்தப் பாலத்தைக் கேட்பதில்லை.

வினையடை நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் அது வினைக்கு முன்னே நிற்கும். 'ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள்' என்போம். ஆங்கிலத்தில் எவ்வாறு என்பதைக் கூறும் வினையடை பெரும்பாலும் செயப்படுபொருளுக்குப் பின்னே சென்று நிற்கும்: 'ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்'. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே அதை நுழைத்து, 'ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்' என்பது ஆகாது. ஆனால் 'ஆல்வேஸ்', 'நெவர்' போன்றவை வினைக்கு முன்னர் நிற்கும். 'ஹார்ட்லி'யும் அப்படித்தான். 'ஹீ வொர்க்ஸ் ஹார்ட்' என்பதற்கும் 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்பதற்கும் இடையே, ஓர் உழைப்பாளிக்கும் ஒரு சோம்பேறிக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

பிறமொழி ஒன்றின் வாயிலில் நின்று தடுமாறுவது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைக் குரு பெஸ்கி, நம் வீரமாமுனிவர், தமக்குப்பின் வரும் குருக்கள் பேச்சுத்தமிழைக் கற்பதற்கென்று இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. இலத்தீன் அறிந்த வெளிநாட்டாருக்கு, அவர்கள் அறிந்ததைக் கொண்டே அறியாததை விளக்கினார். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணமோ, பெயரடைகளைவிடப் பெயரெச்சங்களையே திராவிட மொழிகள் விரும்பிக் கையாள்கின்றன என்பதை அவற்றின் தனித்தன்மைகளுள் ஒன்றாகக் காட்டிற்று. அவர்கள் நம் மொழிக்குள் வந்த வழி அது. நம் பிள்ளைகளுக்கும் தமிழ் இலக்கணத்தை மறக்கச் செய்து ஆங்கில இலக்கணத்தைப் புகட்டுவானேன்? 'தமிழில் நினைக்காதே' என்று அதட்டுகிற ஆசிரியர்களைக் காண்கிறேன். வேறு எதில் நினைக்கும் அந்தப் பிள்ளை?

அச்சிறுமி மறு வாரமே பள்ளிக்குத் திரும்பினாள். கட்டுரையைத் திருத்தி எழுதியபோது தந்தையைப் பற்றி ஒரு வரிக்குப் பதிலாக ஐந்து வரிகள் எழுதியிருந்தாள். சாரமும் தூக்குச் சட்டியும் அதில் இடம்பெற்றிருந்தன. அதை அவள் வகுப்பில் படித்தாளா என்று நான் கேட்கவில்லை.

சில திங்கள் கழித்து ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் கோவில் வாயிலில் என்னை மறித்தாள். "சாமி, நெடுஞ்சாலையில 'கோ ஸ்லோ'ன்னு பலகை வச்சிருக்காங்க. 'கோ ஸ்லோலி'ன்னுதானே இருக்கணும்? அரசாங்கமே தப்பா எழுதியிருக்கே?"

தப்பன்று என்றேன். 'ஸ்லோ'வும் வால் இழந்த பழைய வினையடைகளுள் ஒன்று. வண்டியோட்டிகளுக்குக் குறுகிய சொல்லே நல்லது என்பதால் பலகைகளில் இன்னும் நிலைத்திருக்கிறது. ஆனால் கட்டுரையில் 'ஸ்லோலி' என்றே எழுது என்றேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். "அப்போ 'குட்'டுக்கு மட்டும் ஏன் சாமி 'குட்லி' இல்லாம 'வெல்'லுன்னு வருது?" என்றாள்.

"நல்ல என்பதற்கு நீ நல்லாக என்றா சொல்கிறாய்? நன்றாக என்றுதானே சொல்கிறாய்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். அவள் தந்தை வெளியே சைக்கிளுடன் காத்து நின்றார்.